பின்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்க

வணக்கம். குவில்ட் கண்காட்சி பாக்க கார்ல கிளம்பிப் போறத பத்தி பேசச் சொன்னாங்க. மூணு விஷயம் எழுதிட்டு வந்திருக்கேன். மூணையும் சொல்லி முடிப்பேனான்னு தெரியல, பாப்போம்.

குவில்ட்னா பெருசா ஒண்ணுமில்ல. மேல துண்டுதுண்டா இணைச்ச துணி, நடுவுல பஞ்சு, அடியில இன்னொரு துணி, மூணையும் சேத்து ஊடால தையல் ஓட்டணும், அந்த தையலுக்குத்தான் குவில்ட்டிங்னு பேரு. ஏன் தைக்கணும்? பழைய மெத்தையில பஞ்சு ஒரு மூலையில போய் உருண்டையா திரண்டு கிடக்கும்ல, அதே கதைதான். அந்த காலத்து பஞ்சுக்கு நெருக்க நெருக்கமா தையல் போட்டாதான் நகராம நிக்கும். இப்ப வர்ற பஞ்சு சிலதுல 8, 10 அங்குலம் இடைவெளி விட்டாக்கூட ஒண்ணும் ஆகாது. ஆக, நாம அழகுன்னு பாக்குறதுல பாதி, பஞ்சு நகராம இருக்க செஞ்ச வேலை.

முதல் விஷயம், இந்த தையல போட்டோவுல பாக்க முடியாதுங்க. அதுக்குத்தான் அவ்ளோ தூரம் காரோட்டிட்டுப் போறது. தையல் போன இடம் பள்ளமாகும், பக்கத்துல மேடாகும், பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா அந்த மேடுபள்ளம் நிழலா தெரியும். நேரா நின்னு பாத்தா நிறம் மட்டும்தான் தெரியும், அதனால ஓரமா போய் நின்னு பாருங்க.

ரெண்டாவது, பின்பக்கம். ஒரு தடவ நானும் என் தோழியும் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். அவ வண்டி ஓட்டுறா, நான் வழி சொல்லணும், ஆனா ரோட்டோரம் துணிக்கடை போர்டு தெரிஞ்சா போதும், ரெண்டு பேர் கண்ணும் அங்கதான், இப்படி நின்னு நின்னு போய்ச் சேந்தப்போ மூடுறதுக்கு ஒன்றரை மணி நேரம்தான் பாக்கி. பரிசு வாங்கின குவில்ட் முன்னாடி ஒரே கூட்டம். நான் ஒதுங்கி, யாருமே நிக்காத ஒரு பழைய குவில்ட் கிட்ட போனேன். மங்கலான கட்டம், அவ்ளோதான். அங்க வெள்ளை கையுறை போட்டுட்டு ஒரு அம்மா நின்னாங்க. நாம தொடக்கூடாது, கையில இருக்குற எண்ணெயும் வேர்வையும் துணிக்கு ஆகாது, அவங்கதான் தூக்கிக் காட்டுவாங்க. "பின்பக்கம் பாக்குறியாம்மா?"ன்னாங்க. ஓரத்த மெல்ல தூக்கினா, அடித்துணி மாவு மூட்டைத் துணி! துவைச்சு துவைச்சு வெளுத்துப்போன எழுத்து இன்னும் லேசா தெரியுது. முன்னாடி அவ்ளோ அடக்கமா இருந்தது பின்னாடி வீட்டுக்கதைய மொத்தமா கொட்டிருச்சு. அதான் சொல்றேன், எங்க போனாலும் பின்பக்கத்தக் காட்டச் சொல்லிக் கேளுங்க. தயங்காதீங்க, கையுறை போட்டவங்க காட்டுறதுக்குன்னே நிக்கிறாங்கன்னு பலபேர் தெரியாமலே திரும்பிடுறாங்க.

1971-ல நியூயார்க் விட்னி மியூசியத்துல குவில்ட்ட ஓவியம் மாதிரி சுவத்துல மாட்டினாங்க. நல்ல காரியம்தான், அதுக்கப்புறம்தான் நிறைய பேர் அத கலைன்னே திரும்பிப் பாத்தாங்க. ஆனா சுவத்துல ஒட்ட மாட்டினா பின்பக்கம் போச்சே! இது என் பழைய புலம்பல், விடுங்க.

அப்புறம் அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர், மூணு பக்கமும் ஆறு. அங்க கறுப்பினப் பெண்கள் வயல்ல போட்டு கிழிஞ்ச வேலை உடுப்பு, டெனிம் எல்லாத்தையும் வச்சு தைச்ச குவில்ட் உலகப் புகழ். ஓட்டுரிமைக்காக அந்த மக்கள் குரல் கொடுத்த நேரத்துல, 1962-ல படகுப் போக்குவரத்த நிறுத்திட்டாங்க, அது திரும்ப வந்தது 2006-ல. நடுவுல இருந்த 44 வருஷமும் எதிர்க்கரைக்குப் போகணும்னா ரோட்டுல சுத்திக்கிட்டுதான் போகணும். நாம ஆசைப்பட்டு போறோம், அவங்களுக்கு வேற வழியில்லாம சுத்து வழி. அந்த குவில்ட்ல பழைய பேண்ட்டோட பாக்கெட் இருந்த இடம் கருநீலமா, சுத்தி வெளுத்துப்போய்... இத பத்தியே ஒரு மணி நேரம் பேசலாம், ஆனா ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து நேரமாச்சுன்னு கைய காட்டுறாங்க.

மூணாவது, குவில்ட்ட கார்ல எடுத்துட்டுப் போறது. சுருக்கமா சொல்லிடறேன். பிளாஸ்டிக் பைல அடைக்காதீங்க, பருத்தி தலையணை உறையே போதும். முடிஞ்சா சுருட்டி வைங்க, மடிச்சாகணும்னா ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல மடிங்க, ஒரே மடிப்புல நூல் இத்துப்போகும். வெயில் படுற சீட்ல... சரி சரி, முடிச்சுக்கறேன். வணக்கம்.