எல்லாருக்கும் ஆபத்து என்றால் உங்களுக்கு மட்டும் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

சோமாலியாவிலிருந்து ஓடிவந்து புகலிடம் கேட்கிறவர்களிடம் விசாரணை அறைகளில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. “உங்கள் ஊரில் எல்லாருக்கும்தான் ஆபத்து. உங்களுக்கென்று தனியாக என்ன ஆபத்து?” அகதிகள் சட்டம் கற்பிக்கிறவள் என்ற முறையில் இந்தக் கேள்வியின் மீது எனக்கு நெடுநாள் கோபம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல். போர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் தங்களுக்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டபோது, பொது ஒழுங்கு கடுமையாகக் குலைந்ததால் ஓடுகிறவரும் அகதிதான் என்று சேர்த்துக்கொண்டன. கென்யா பல ஆண்டுகள் சோமாலியர்களை ஒவ்வொருவராக விசாரிக்காமல் அகதிகளாக ஏற்றதும் இப்படித்தான். 2016இல் அந்த வழக்கத்தை அது கைவிட்டது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொருவரும் தன் ஆபத்தைத் தானே நிறுவ வேண்டும்.

இதில் நம் மக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிரிட்டன் 1988இல் திருப்பி அனுப்பிய ஐந்து இலங்கைத் தமிழர்களின் வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1991இல் தீர்ப்பு வந்தது. மற்றத் தமிழர்களின் நிலையைவிட இவர்களின் நிலை மோசம் என்று காட்டும் தனி அம்சம் எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். இவ்வளவுக்கும், திரும்பிப் போனவர்களில் சிலர் அங்கே துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். அந்தத் ‘தனி அம்சம்’ என்ற அளவுகோல் அதன்பிறகு எத்தனையோ பேரின் வழியை மறித்தது.

அதைத் தளர்த்த ஒரு சோமாலியரின் வழக்கு தேவைப்பட்டது. அவர் அஷ்ராஃப் என்ற சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த இளைஞர். 1991இல் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்த பிறகு சோமாலியாவில் ஒருவரைக் காப்பாற்ற இருந்தது அவருடைய குலமும் அந்தக் குலத்தின் துப்பாக்கிகளும்தான். அஷ்ராஃப், பெனாதிரி, பந்து, கபோயே போன்ற சமூகங்களுக்கு அப்படிப் படைபலம் இல்லை. அவர்கள் வீட்டில் புகுந்து கொள்ளையடித்தாலும், பெண்களைச் சீரழித்தாலும், பழிவாங்க யாரும் வரமாட்டார்கள் என்று ஆயுதக்காரர்களுக்குத் தெரியும். இந்த இளைஞரின் தந்தையும் சகோதரரும் கொல்லப்பட்டார்கள். நெதர்லாந்து அரசு, வடக்கே ஓரளவு அமைதியான பகுதிகள் இருக்கின்றனவே, அங்கே போகட்டும் என்றது. 2007 ஜனவரியில் அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. அவர் அச்சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதே போதும், அதற்குமேல் தனி அம்சம் கேட்டால் பாதுகாப்பு என்பதற்கே பொருள் இல்லாமல் போகும் என்றது. ‘உள்நாட்டிலேயே வேறு இடம்’ என்று காட்டுவதானால் அவர் அங்கே போய்ச் சேர முடியுமா, உள்ளே விடுவார்களா, குடியேறி வாழ முடியுமா என்று பார்த்தாக வேண்டும் என்றது. என் மாணவர்களிடம் முதலில் படிக்கச் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

2011இல் இன்னொரு படி. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் குண்டுவீச்சும் தெருச்சண்டையும் உச்சத்தில் இருந்த காலம் அது. மிகுந்த செல்வாக்கு உள்ளவர்களைத் தவிர, அங்கே இருக்கும் எவருக்கும் அந்த இருப்பே ஆபத்து என்று அதே நீதிமன்றம் சொன்னது. அஃப்கோயே சாலையோர முகாம்களுக்கோ கென்யாவின் தடாப் முகாம்களுக்கோ போகலாமே என்ற வாதத்தையும் அங்குள்ள நெரிசலையும் அவலத்தையும் காட்டி நிராகரித்தது. அல்-ஷபாப் என்ற இஸ்லாமியவாத ஆயுத இயக்கத்தின் பிடியில் இருந்த பகுதி வழியாகப் பயணம் செய்வதையும் அது கணக்கில் எடுத்தது. வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவருக்கு உடை, பேச்சு, இசை என்று அந்த இயக்கத்தின் கட்டுப்பாடுகளுக்குத் தப்பித் தெரியாது.

சரி, இதோடு முடிந்ததா? இல்லை. அல்-ஷபாப் நகரைவிட்டு விலகியதைக் காட்டி, 2013இல் மொகதிஷு மாறிவிட்டது என்று வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் முடிவு செய்தது. 2017 அக்டோபர் 14 அன்று அதே நகரின் நாற்சந்தி ஒன்றில் லாரிக் குண்டு வெடித்து 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடுத்து, நம்பகத்தன்மை. பிறந்த தேதி, ஊரைவிட்டுப் புறப்பட்ட தேதி, சகோதரர் இறந்த தேதி என்று வரிசையாகக் கேட்பார்கள். 1991க்குப் பிறகு பல்லாண்டுகள் பிறப்புப் பதிவு செய்யும் அரசே இல்லாத நாடு அது. மேய்ச்சல் குடும்பங்கள் காலத்தை வறட்சிகளை வைத்தும் ‘கூ’ போன்ற மழைப் பருவங்களை வைத்தும் சொல்கின்றன. “கூ மழைக்கு முன்னால்” என்று ஒருவர் சொன்னால் அவர் மழுப்பவில்லை, சரியான பதிலைத்தான் சொல்கிறார். சில நாடுகள் பேச்சுவழக்கைப் பதிவு செய்து நிபுணரிடம் அனுப்பி, இவர் உண்மையில் அந்த வட்டாரத்தவர்தானா என்று கேட்கின்றன. குழந்தையாகக் கென்ய முகாமுக்குப் போனவரின் பேச்சில் கென்யச் சாயல் இருக்கத்தானே செய்யும்? இந்த ஆய்வு சொல்வதை அப்படியே தீர்ப்பாக்கிவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2014இல் எச்சரித்தது.

கடைசியாக லாஸ் அனோட். சூல் வட்டாரத்தின் தலைநகரான அந்த ஊரை, சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட வடக்குப் பகுதியான சோமாலிலாந்தின் படைகள் 2007இலிருந்து வைத்திருந்தன. ஊர் மக்களில் பெரும்பாலோர் துல்பஹாந்தே குலத்தினர். 2023 பிப்ரவரியில் குலப் பெரியவர்கள், நாங்கள் சோமாலிலாந்தோடு இல்லை, சோமாலியாவோடுதான் என்று அறிவித்தார்கள். சண்டை மூண்டது. மருத்துவமனைமீதும் குண்டு விழுந்தது. சில வாரங்களில் ஏறக்குறைய 1,00,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லை கடந்து எத்தியோப்பியாவின் தோலோ பகுதிக்குப் போனார்கள். அதுவோ ஏற்கெனவே வறட்சியில் வாடிய இடம்.

அதுவரை பல நாடுகளின் கோப்புகளில் சோமாலிலாந்து என்றாலே ‘அமைதியான வடக்கு’ என்றுதான் எழுதியிருந்தது. லாஸ் அனோட்டிலிருந்து வருகிற துல்பஹாந்தே பெண்ணிடம் “ஹர்கேசாவுக்குப் போயிருக்கலாமே” என்று சொல்வது, அவர் ஊர்மீது குண்டு போட்ட தரப்பின் தலைநகருக்கே அவரை அனுப்புவது. விசாரணை அதிகாரி அவர் வாயைத் திறக்குமுன், தன் மேசையில் இருக்கும் நாட்டு நிலவர அறிக்கை எந்த மாதத்தையது, அது அவர் குலத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் கேள்விகளைத் தொடங்கட்டும்.

நன்றி, வணக்கம்.