ஏடிபிக்குள் பட்டாசு இல்லை!

வணக்கம் மக்களே. மைட்டோகாண்ட்ரியா இரண்டாம் பாகம் இன்றைக்கு இல்லை, கோபத்தில் இருக்கிறேன். நேற்று ஒரு அனிமேஷன் பார்த்தேன். ஏடிபி என்பது செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறு, மூன்று பாஸ்பேட் குழுக்கள் வரிசையாக ஒட்டியது. அதன் கடைசி பாஸ்பேட் பிய்கிறது, மஞ்சளாக ஒரு வெடிப்பு, "பிணைப்பு உடைந்தது, ஆற்றல் வெளியானது" என்று ஒரு கம்பீரக் குரல். அதே பழைய பட்டாசுக் கதை! பிணைப்பை உடைக்க நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும், எந்தப் பிணைப்பானாலும் சரி.

இதோ காந்தங்கள். இந்தச் சின்ன ஜோடியைப் பிரிக்கக் கை வலிக்கிறதா? அதுதான் செலவு. பிரிந்த துண்டைப் பெரிய காந்தத்திடம் கொண்டுபோனால்... டப்! அதுதான் வரவு. இந்த ஒரு 'டப்'புக்காக அரை நாள் போயிற்று, தெரியுமா? ஒரு காந்தத்தைத் துருவம் மாற்றி ஒட்டிவிட்டேன். கிட்டக் கொண்டுபோனாலே விலகி ஓடுகிறது. பசையோ கல்லாகிவிட்டது. பிளேடால் சுரண்டி, நகம் உடைந்து, சாயங்காலம்தான் முதல் 'டப்' கேட்டது. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன். மறுபடி கேளுங்கள். டப்!

சரி, ஏடிபிக்கு வருவோம். அங்கே பெரிய காந்தம் தண்ணீர். பிரிந்த பாஸ்பேட்டும் இரண்டு பாஸ்பேட்டோடு மிஞ்சிய துண்டும் தண்ணீரோடு புதிய, இன்னும் நிலையான உறவுகளை வைத்துக்கொள்கின்றன. செலவைக் கழித்தபின் மிஞ்சுவது திட்ட நிலையில், அதாவது ஒப்பிடுவதற்காக வேதியியலாளர்கள் வகுத்த நிலையில், மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல். உயிருள்ள செல்லுக்குள் இது இன்னும் அதிகம், ஏனென்றால் செல் ஏடிபியைக் குவித்து, ஏடிபி... இல்லை இல்லை, ஏடிபி, ஏடிபி என்று இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறேன் பாருங்கள். மூன்று பாஸ்பேட் உள்ளது டிரை, இரண்டு உள்ளது டை. டிரையைக் குவித்து டையைக் குறைவாக வைத்திருக்கிறது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். மூன்று பாஸ்பேட்டுகளும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். நான் தப்பாக ஒட்டிய காந்தம் மாதிரியே! பிரிந்தால் அந்த நெருக்கடியும் தீரும்.

1929இல் கண்டுபிடிக்கப்பட்ட மூலக்கூறு இது. உடலில் எந்த நேரத்திலும் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் உடைந்து, திரும்பச் சேர்ந்து, ஒரு நாளில் புழங்குவதைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடையே வரும்.

என் முதல் ஏடிபி வீடியோவில் நானும் அந்த மஞ்சள் வெடிப்பைப் போட்டிருக்கிறேன். தேடாதீர்கள், காலையிலேயே தூக்கிவிட்டேன்.