அந்தப் பாட்டை வாசிப்பது நம் கைதான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும், இந்த மழையிலும் கொட்டகலையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். மேலிருந்து விழுகிற கட்டைகளை அடுக்கி, நிரம்பிய வரிசைகளை அழிக்கிற பழைய வீடியோ விளையாட்டான டெட்ரிஸுக்கு இசையும் ஒளியும் சேர்த்து 2018 நவம்பரில் வந்த டெட்ரிஸ் எஃபெக்ட், அந்த விளையாட்டுக்கு உயிர் கொடுத்ததா, இல்லை அதன் எளிமையைக் கெடுத்ததா என்பதுதான் கேள்வி. நான் உயிர் கொடுத்தது என்ற அணி. வாய்ப்புக் கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தவன் இல்லை, கேட்டு வாங்கி வந்தவன்.

தங்கச்சி என்ன சொன்னார்? விழுகிற கட்டையைப் பார்ப்பதா, பின்னால் மின்னுகிற ஒளியையும் நீந்துகிற மீன்களையும் பார்ப்பதா, கவனம் சிதறுகிறது என்றார். அண்ணன் இன்னும் ஆழமாகப் போனார். ஆடியவர்கள் அழுதார்களே, அது பாட்டுக்கு வந்த அழுகை, உருக்கமான பாட்டைப் போட்டால் யாருக்கும் கண் கலங்கத்தான் செய்யும், இதில் விளையாட்டுக்கு என்ன பெருமை என்று கேட்டார். சபையிலே கைதட்டலும் வாங்கினார். அதனால் அண்ணனிடமே முதலில் வருகிறேன்.

அழுதார்கள் என்பது உண்மைதான். இது வெளிவந்த நேரத்தில் பல நாடுகளில் ஆடியவர்கள், முதல் கட்டத்தை முடிக்குமுன்பே கண் நிறைந்துவிட்டது, டெட்ரிஸ் ஆடி அழுதேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். அந்த முதல் கட்டத்துக்குப் பெயர் தி டீப். கடலுக்கு அடியில் இருக்கிற மாதிரி ஒரு நீல இருட்டு. இசை மிக மெல்லிசாகத் தொடங்கும். ஒரு கட்டையைத் திருப்பினால் ஒரு ஒலி, நகர்த்தினால் ஒரு ஒலி, கீழே போட்டால் ஒரு தட்டு, கையில் இருக்கிற கன்ட்ரோலரும் சேர்ந்து அதிரும். இவை எல்லாம் பின்னால் ஓடுகிற பாட்டின் தாளத்தோடு வந்து பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கின்றன. நீங்கள் வரிசைகளை அழிக்க அழிக்கப் பாட்டு விரியும், பெண் குரல் மேலே ஏறும், உலகமெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தது என்கிற அந்த வரிகள் அப்போதுதான் முழுதாக வரும். இப்போது அண்ணன் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: நீங்கள் வரிசையை அழிக்காவிட்டால் பாட்டு அடுத்த இடத்துக்குப் போகாது. அங்கேயே சுற்றிக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கும்.

அப்படியென்றால் அது கேட்கிற பாட்டா, வாசிக்கிற பாட்டா?

நம்ம தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதக் குளிரில் காமன் கூத்து பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ரதியும் மதனும் ஆடும்போது தப்பு மேளம் அடிக்கிறவர் ஆட்டக்காரரின் காலைப் பார்த்துக்கொண்டே அடிப்பார், ஆட்டக்காரர் காதைத் தப்பில் வைத்துக்கொண்டே ஆடுவார். தப்பு நன்றாக இருந்தது, ஆட்டத்துக்கு என்ன பெருமை என்று யாராவது கேட்டால் லயத்து வீடுகளில் இருக்கிற பெரியவர்கள் விடுவார்களா? இந்த விளையாட்டில் ஆட்டக்காரரும் நீங்கள்தான், தப்புக்காரரும் நீங்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கண்ணீர் காதுவழி மட்டும் வந்ததில்லை, விரல்வழியும் வந்தது.

இதை நான் ஒரு சின்னப் பிள்ளையிடம் நேரில் பார்த்தேன். கொழும்பில் வேலை செய்கிற மச்சான் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது லேப்டாப்பில் இதைப் போட்டு அக்கா மகனிடம் கொடுத்தார். அவனுக்கு வரிசை என்றால் என்ன, புள்ளி என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. கட்டையைத் திருப்பினால் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான், ஒரே கட்டையைத் திருப்பித் திருப்பி, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, அது கீழே போய் உட்காரும் வரைக்கும் திருப்பிக்கொண்டே இருந்தான். தோற்றான், மறுபடி ஆரம்பித்தான், மறுபடியும் அதே வேலை. டெட்ரிஸ் ஆடும் பழைய பிரிக் கேம் கைப்பெட்டியை, ஹட்டன் பஜாரில் வாங்கி இரண்டு பென் பெட்டரி போட்டு நாமெல்லாம் ஆடினோமே, அதை யாராவது அதன் சத்தத்துக்காகத் திருப்பியிருப்போமா? வீட்டில் தூங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்று சத்தத்தை அடைக்க வழி தேடியவர்கள்தானே நாம்.

அப்புறம் ஜோன் என்று ஒன்று இருக்கிறது, இதைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. ஒரு பட்டனை அமுக்கினால் நேரம் நின்றுவிடும், கட்டை தானாக விழாது, இசையும் அமுங்கிப்போகும். அந்த நேரத்தில் நீங்கள் நிரப்புகிற வரிசைகள் மறையாமல் அடியில் சேர்ந்துகொண்டே போகும். பழைய டெட்ரிஸில் நீளக் கட்டையைச் செங்குத்தாக இறக்கி ஒரே தடவையில் நாலு வரிசையை அழிப்பதுதான் உச்சம். இங்கே 16 வரிசையைக் கூடத் தாண்டலாம். ஜோன் முடிந்ததும் அத்தனையும் ஒன்றாக உடைய, அமுங்கிக் கிடந்த இசை முழு வேகத்தோடு திரும்பி வரும். கட்டைகள் குவிந்து மேலே முட்டப்போகிற நேரத்தில் பட்டனை அமுக்கி, மூச்சை விட்டு, யோசித்து, மீண்டு வந்தோம் என்று பலர் எழுதியது இதைப் பற்றித்தான். இது வெறும் அலங்காரம் இல்லை ஐயா, விளையாட்டின் விதியையே தொட்ட புதுமை.

இப்போது தங்கச்சியின் கவலை. அதை நான் தள்ளிவிட மாட்டேன். கவனம் சிதறுகிறது என்று சொன்ன ஆட்டக்காரர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். பாட்டு ஏறும்போது கட்டை விழும் வேகமும் சட்டென்று கூடும், அந்த இடத்தில் கட்டைகள் குவிந்து தோற்றவர்களுக்குக் கோபம் வந்தது, அது நியாயமான கோபம். ஆனால் அது பயண முறையில், அதாவது கட்டம் கட்டமாகப் போகிற கதை மாதிரியான பகுதியில் நடப்பது. அது வேண்டாம் என்றால் நீண்டு ஆடுகிற மாரத்தான் இருக்கிறது, வேகமாக முடிக்கிற ஸ்பிரின்ட் இருக்கிறது, மேலே முட்டினாலும் ஆட்டம் முடியாத ஆறுதலான மாரத்தான் கூட இருக்கிறது. வேலை முடிந்து களைத்துப்போய் வந்து அதைத்தான் ஆடுகிறோம் என்று சொல்பவர்கள் நிறைய. 2020இல் கனெக்டட் என்ற பெயரில் மறுபதிப்பு வந்தபோது பழைய விதிகளோடு புள்ளிக்குப் போட்டி போடும் முறையையும் சேர்த்தார்கள். எளிமையைக் கெடுத்தவர்கள் எளிமைக்கு ஏன் தனி அறை கட்டிக் கொடுக்க வேண்டும்?

அதே கனெக்டடில் மூன்று பேர் தத்தம் பலகைகளை ஒன்றாக இணைத்து ஒரே பெரிய பலகையில் சேர்ந்து ஆடவும் முடியும். முகம் தெரியாத இரண்டு பேரோடு. முப்பத்துச் சொச்சம் வருடம் பெரும்பாலும் தனியாகவோ எதிரெதிராகவோ ஆடிய விளையாட்டு அது.

இன்னொரு விஷயம். பழையது இசை இல்லாமலே தூய்மையாக இருந்தது என்று இரண்டு பேரும் பேசினார்கள். 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் செய்த முதல் டெட்ரிஸைச் சொன்னால் சரி, அந்தக் கணினிக்குப் படம் வரையவே வராது, அடைப்புக்குறிகளை வைத்துத்தான் கட்டை காட்டினார். ஆனால் உலகம் டெட்ரிஸை எப்படி அறிந்தது? 1989இல் கேம்பாய் என்ற கைப்பெட்டியோடு. அதில் ஓடியது கொரொபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடல், இன்றைக்கும் டெட்ரிஸ் என்றால் பலர் முதலில் முனகுவது அதைத்தான். அதே 1989இல் டிவியோடு மாட்டி ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு வந்த டெட்ரிஸில் கட்டைகள் உயரமாகக் குவிந்தால் இசை வேகமாகும், ஆபத்து என்று காதுக்குச் சொல்லும். ஆக, ஆட்டத்தோடு இசை பேசுவது அப்போதே தொடங்கிவிட்டது. டெட்ரிஸ் எஃபெக்டைத் தயாரித்த ஜப்பானியர் டெட்சுயா மிசுகுச்சி 2001இல் ரெஸ், 2004இல் லூமினஸ் என்று இசையோடு கூடிய விளையாட்டுகளை முன்பே செய்துவந்தவர். வியாபாரத்துக்காக ஒரே இரவில் தோன்றிய யோசனை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ஹார்வர்டில் ரொபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவும் 2000இல் வெளியிட்ட ஆய்வையும் அண்ணன் இழுத்தார். டெட்ரிஸ் ஆடியவர்கள் தூக்கம் வரும் நேரத்தில் கட்டைகள் விழுவதைக் கண்டார்கள், ஆடியதே நினைவில் இல்லாத நினைவிழப்பு நோயாளிகளில் சிலரும் கண்டார்கள். மனதுக்குள் போக இசை தேவைப்படவில்லையே என்றார். நல்ல கேள்வி. ஆனால் அவர்களுக்குள் போனது கட்டைகளின் உருவம், அண்ணன். விடாமல் விழுகிற வடிவங்கள். புதியதை ஆடியவர்கள் சொல்வது வேறு: இறந்துபோன ஒருவரின் ஞாபகம் வந்தது, அம்மாவை அழைத்துப் பேச வேண்டும்போல இருந்தது, மனது லேசானது. பழையது மூளையில் ஒட்டியது, புதியது அந்த ஆளையே தொட்டது.

விலை பற்றியும் சொன்னார்கள். வெளிவந்தபோது 40 டாலர். இன்றைக்கு நம் காசில் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் ரூபாய், கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவின் ஒரு வாரக் கூலியையும் தாண்டும். எனக்கும் அது வலிக்கிறது, இதில் எதிரணியோடு நான் சண்டைக்கு இல்லை. ஆனால் அது கடைக்காரரோடு பேச வேண்டிய பேச்சு. தலைப்பு அது இல்லை. பழையதும் எங்கேயும் போய்விடவில்லை, 2023 டிசம்பரில் கூட அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் அந்த 1989ஆம் ஆண்டு டெட்ரிஸை அது உறைந்து நிற்கும் வரைக்கும் ஆடி முடித்தான்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் ஐயா. அண்ணனுக்கு மறுமொழி சொல்ல நேரம் இருக்கிறது, அதற்குள் இரண்டு காரியம் செய்து பார்க்கட்டும். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு தி டீப்பை அவரே ஆடட்டும். பிறகு சத்தத்தைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் ஆடுவதைச் சும்மா பார்க்கட்டும். இரண்டாவதில் மட்டும் கண் கலங்கினால், அழ வைத்தது பாட்டுத்தான் என்று அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு நான் அந்தப் பக்கம் போய் உட்காருகிறேன். இரண்டிலும் ஒன்றும் நடக்காவிட்டால் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுங்கள், சத்தத்தோடு, முதலிலிருந்து.