பிள்ளையின் தோளுக்கு ஏற்ற முதல் துப்பாக்கி

கோவை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் எங்கள் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, கொஞ்சம் மேட்டாங்காடு இருந்தது. சோளமும் கம்பும் கதிர் பிடிக்கும் நாட்களில், பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்றிருந்த நாட்டுத் துப்பாக்கியுடன் அவர் இரவெல்லாம் பரண்மேல் இருப்பார். அந்தத் துப்பாக்கியின் கட்டையை ஊர் ஆசாரி அவருடைய கைநீளத்தை அளந்து இழைத்துக் கொடுத்திருந்தார். அதே துப்பாக்கியை என் தந்தையார் தோளில் சார்த்தினால் கட்டை இரண்டு விரற்கடை நீண்டு நிற்கும். கழுத்தை முன்னால் நீட்டித்தான் அவரால் குறி பார்க்க முடிந்தது. "இது உன் துப்பாக்கி அல்ல" என்று அப்பார் சொல்வாராம். அதில் கோபம் இருந்ததில்லை. அளவைத்தான் அவர் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஒரு பையனின் முதல் துப்பாக்கி என்றால் அது வேட்டைத் துப்பாக்கிதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வழக்கத்துக்கு இடமில்லை. இன்று பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட வேண்டிய நிலை வந்தாலும் அது வனத்துறையினரின் வேலை. நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலை அன்று. ஆகவே, "பையனுக்கு முதல் துப்பாக்கி எதை வாங்கலாம்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போது, பத்து மீட்டர் தொலைவில் இலக்கு அட்டையைக் குறிபார்க்கும் ஏர் ரைபிள் என்னும் காற்றுத் துப்பாக்கியைப் பற்றியே நான் பேசுகிறேன். கௌதாரிக்கும் மயிலுக்கும் முயலுக்கும் எதிராக அதை ஒருமுறைகூட உயர்த்தக் கூடாது என்பதை, துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து வேலிமேல் உட்காரும் மைனாவும் அதில் அடக்கம்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிளின் ஆற்றல் ஏறத்தாழ ஏழரை ஜூல்தான் என்பதால் அது இந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. எனினும் கோவையில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சுருள்வில்லை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் கைகளும் இங்கே உண்டு. அப்படிக் கூட்டிய துப்பாக்கி வரம்பைத் தாண்டிவிட்டால் அது உரிமம் இல்லாத ஆயுதமாகிவிடும். மேலும், பத்து மீட்டர் தொலைவில் அந்தக் கூடுதல் வேகத்தால் ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்கப்போவதில்லை.

2008ஆம் ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். இந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் ஏந்திய வகைத் துப்பாக்கியையே பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே வாங்கித் தர நினைக்கும் தந்தையரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பு பிள்ளையின் முதுகில் சுமையாக இறங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு சிறுவனை என்னால் மறக்க முடியவில்லை. வயது பதினொன்று, மெலிந்த உடல், கண் கூர்மையோ அபாரம். அவனுடைய தந்தையார் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து, பெரியவர்களுக்கான ஜெர்மன் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்திருந்தார். எடை ஐந்து கிலோவை நெருங்கும். நின்று சுடும் நிலையில் துப்பாக்கியின் பாரம் முன்கையின் வழியாக முழங்கைக்கும், முழங்கையிலிருந்து இடுப்பெலும்புக்கும் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். அதாவது பாரத்தை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது. அந்தச் சிறுவனுக்கு முழங்கை இடுப்பை எட்டவில்லை. எட்டவைப்பதற்காக அவன் முதுகைப் பின்னால் வளைத்து, இடுப்பை முன்னால் தள்ளி நின்றான். ஒரு போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள் சுட வேண்டும். அத்தனை முறையும் அந்த வளைவோடு தூக்கி இறக்கினால் வளரும் முதுகெலும்பு என்னாகும்? மூன்றாம் மாதம் முதுகுவலி வந்தது. ஐந்தாம் மாதம் அவன் வருவதை நிறுத்திவிட்டான். முதல் நாளே அதைத் தடுக்காதது என்னுடைய தவறு என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் உடலை. முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லி, துப்பாக்கிக் கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆட்காட்டி விரலின் முதல் கணு இழுக்காமல், நீட்டாமல், விசையில் இயல்பாகப் படிந்தால் நீளம் பொருந்துகிறது என்று கொள்ளலாம். விரல் எட்டாவிட்டால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பதுபோல் துப்பாக்கியை வாங்கக் கூடாது. பெரிய சட்டைக்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. பெரிய துப்பாக்கியோடு பிள்ளையின் நிற்கும் முறை கெட்டுப்போகிறது, கெட்ட பின் அதைத் திருத்த ஆண்டுகள் ஆகும். பின்முனையிலும் கன்னம் படியும் இடத்திலும் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள, மூன்றரை முதல் நான்கு கிலோ எடையுள்ள சிறுவர்களுக்கான வகைகள் கிடைக்கின்றன. என் அனுபவத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை அதுவே போதும். போட்டி விதிகள் ஐந்தரைக் கிலோவரை அனுமதிக்கின்றன என்பதற்காக அந்த எல்லையை நோக்கி ஓட வேண்டியதில்லை.

அடுத்தது கண். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலக்கண்ணே முதன்மையாக இருக்கும் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு துளை விடச் செய்து, தூரத்து வரப்பில் நிற்கும் ஒரு பனையை இரு கண்களாலும் அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்குப் பனை மறையாமல் தெரிகிறதோ, அதுவே முதன்மைக் கண். கை ஒன்றாகவும் கண் வேறாகவும் இருக்கும் பிள்ளைகள் அரியவர்கள் அல்லர். அந்த நிலையில் இடப்பக்கத்துக்கு உரிய துப்பாக்கியையோ, இருபக்கமும் பொருந்தும் கைப்பிடியையோ தேட வேண்டும். காசைக் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய துன்பம்.

இனி, துப்பாக்கியின் வகை. சுருள்வில்லால் இயங்குவது ஒன்று. உருளையில் அடைத்த காற்றால் இயங்குவது மற்றொன்று. சுருள்வில் வகை நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது, சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது, வேறு துணைக்கருவி எதையும் கேட்பதில்லை. ஆனால் விசையை அழுத்தியதும் உள்ளே கனத்த தண்டு பாய்ந்து முட்டுவதால், குண்டு குழலைவிட்டுப் போவதற்குள்ளாகவே துப்பாக்கி குலுங்குகிறது. ஒவ்வொரு முறையும் அதை மடக்கி இழுத்துப் பூட்டச் சிறு கைகளுக்கு வலுவும் போதாது. காற்றுருளை வகையில் அந்தக் குலுக்கல் இல்லை. தவறு நேர்ந்தால் அது தன் தவறே என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான் என்னும் விளையாட்டில், கற்பவருக்கு இந்தத் தெளிவைவிட உதவுவது வேறில்லை. வசதி இருந்தால் காற்றுருளை வகையையே நான் பரிந்துரைப்பேன். வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம்: பயிற்சிக் கழகங்களில் கற்பவர்களுக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கியில் ஆறு மாதம் சுடட்டும். வசதி உள்ளவர்களும் அந்த ஆறு மாதத்தைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்குள் பிள்ளைக்கு இதில் மனம் தங்குமா என்பதும் தெரிந்துவிடும்.

பழைய துப்பாக்கியை வாங்குவதில் தவறில்லை. நன்கு பேணப்பட்ட குழல் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் காற்றுருளையின் மேல் பொறித்திருக்கும் தயாரிப்பு நாளை நீங்களே படித்துப் பாருங்கள். அந்த நாளிலிருந்து தயாரிப்பு நிறுவனம் வரையறுத்திருக்கும் காலத்துக்குமேல் உருளையைப் பயன்படுத்தக் கூடாது. உருளைக்குள் அடைக்கும் 200 பார் அழுத்தம் என்பது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. ஆகையால் அந்தத் தேதியில் தாட்சண்யம் காட்டக் கூடாது. குண்டுகள் அரை கிராம் எடையுள்ள, முகப்பு தட்டையான ஈயக் குண்டுகள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் பிள்ளை தின்பண்டத்தைத் தொடக் கூடாது. வீட்டில் துப்பாக்கியும் குண்டும் தனித்தனிப் பூட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு சாவிகளும் பெரியவர்களிடம் இருக்க வேண்டும்.

வாங்கப் போகும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். வியப்பூட்டும் பரிசாக வாங்கி வரும் பொருள் அன்று இது. கடையில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, கண்களை மூடியபடியே அதைத் தோளில் சார்த்திக் கன்னத்தைக் கட்டைமேல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறக்கட்டும். குறிபார்க்கும் பின்புறத் துளையின் நடுவே குழல்முனையின் முன்புற வளையம் தானாகத் தெரிந்தால் விலையைப் பேசலாம். கழுத்தை நீட்டியோ, கன்னத்தை அழுத்தியோ பிள்ளை அதைத் தேடினால், கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வீடு திரும்புங்கள்.

வணக்கம்.