தண்ணீர் பாட்டிலில் ஒரு காந்தமானி

நேயர்களுக்கு வணக்கம்.

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, ஒரு கிலோ வைண்டிங் கம்பி, ஒரு 12 வோல்ட் பேட்டரி. இவற்றை வைத்துப் பூமியின் காந்தப் புலத்தை அளக்கலாம். அதுவும், வேறொரு கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டிய அவசியமே இல்லாத அளவீடு. புரோட்டான் காந்தமானியின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் இதுதான்.

தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான். அதுவே ஒரு நுண்ணிய காந்தம். பாட்டிலைச் சுற்றிய காயிலில் சில வினாடிகள் மின்சாரம் செலுத்தினால் புரோட்டான்களில் ஒரு சிறு பங்கு அந்தப் பக்கமாகச் சாயும். மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், பம்பரம் தலையாட்டிச் சுற்றுவதுபோல எல்லாம் சேர்ந்து பூமியின் புலத்தைச் சுற்றும். அந்தச் சுழற்சி அதே காயிலில் மிக மெல்லிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதைப் பெருக்கி ஹெட்ஃபோனில் ஒலியாகக் கேட்கலாம். பூமியின் புலத்தில் இப்படி நடப்பதை 1954-ல் பேக்கார்டும் வேரியனும் அமெரிக்காவில் அறிவித்தார்கள்.

காந்தப் புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. ஒரு டெஸ்லா புலத்தில் புரோட்டான் வினாடிக்கு 42.577 மில்லியன் முறை சுற்றும். இந்த எண் உங்கள் பாட்டிலையோ கம்பியையோ பொறுத்ததல்ல. வேலை சுத்தமாக இல்லாவிட்டால் ஒலி குறையும், சுருதி மாறாது. டெஸ்லாவின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோடெஸ்லா. தமிழ்நாட்டில் புலம் சுமார் 40,000 முதல் 42,000 நானோடெஸ்லா. ஆகவே நமக்குக் கேட்க வேண்டியது 1,700 முதல் 1,790 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு விசில்.

இனி செய்முறை. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 22 கேஜ் எனாமல் செம்புக் கம்பி கிடைக்கும். பாட்டிலுக்கு 600 சுற்று, நாலு அடுக்காகச் சுற்றுங்கள். இரண்டு காயிலையும் எதிரெதிராக இணையுங்கள். வெளியிலிருந்து வரும் மின்கம்பி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், புரோட்டான் சிக்னல் மட்டும் கூடும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 26 மில்லிஹென்றி தூண்டல் (இண்டக்டன்ஸ்) வரும், நாம் தேடும் சுருதிக்கு ஒத்திசைக்க 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் அதற்குச் சரியாகப் பொருந்தும். ஓர் ஆம்பியர் மின்சாரம், ஐந்து வினாடி. அப்போது பாட்டிலுக்குள் பூமியின் புலத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் புலம் இருக்கும். அப்புறம் லட்சம் மடங்கு பெருக்கும், இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று வேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, காயிலை ஆம்ப்ளிஃபையருக்கு மாற்றிவிடுவது ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச். ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே, ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடு போடுவது நமக்குக் கைப்பழக்கம். இங்கே பாட்டிலைச் சுற்றிய சென்சார் காயிலுக்கும் அப்படிப் போட்டால் மின்னோட்டம் நிதானமாகத் தணியும். புரோட்டான்களும் கூடவே நிதானமாகத் திரும்பிப் பூமியின் புலத்தோடு படுத்துவிடும், சுற்றாது. ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருக்கும், காயில் நன்றாக இருக்கும், ஒலி மட்டும் வராது. அதற்குப் பதிலாக, மின்னழுத்தத்தை நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறவிட்டுப் பிடிக்கும் ஜீனர் டையோடு போட்டால் மின்னோட்டம் ஒரு மில்லிவினாடிக்குள் நின்றுவிடும்.

அடுத்தது, இடம். கான்கிரீட் வீட்டுக்குள் இதைச் சோதிக்கவே வேண்டாம். கூரையில் இருக்கும் இரும்புக் கம்பிகளால் பாட்டிலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 100 நானோடெஸ்லா வேறுபாடு வந்தாலே போதும். ஒரு முனைத் தண்ணீர் மற்றதைவிட நாலு ஹெர்ட்ஸ் வேகமாகச் சுற்றும், கால் வினாடிக்குள் எல்லாம் கலைந்து சிக்னல் அடங்கிவிடும். மின்கம்பமோ பம்புசெட்டோ பக்கத்தில் இல்லாத வெட்டவெளிக்குப் போங்கள். பாட்டில்களை மரக்காலில் உயர்த்திக் கட்டுங்கள். திருகாணி பித்தளையாக இருக்கட்டும். சாவிக்கொத்து, கைபேசி, பெல்ட் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். பாட்டிலின் அச்சு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். நம் பக்கம் புலம் ஏறக்குறைய தரைக்குக் கிடையாக வடக்கு நோக்கிப் போவதால், பாட்டிலை நிமிர்த்தி வைத்தாலும் வேலை செய்யும். கனடாவிலோ நார்வேயிலோ அப்படி வைத்தால் ஒன்றும் கேட்காது.

விடியற்காலை, தரிசு நிலம், காதில் ஹெட்ஃபோன். ரிலே டக்கென்று விழுகிறது. ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய கணீர் ஒலி ஒன்று எழுந்து, இரண்டு வினாடிக்குள் தேய்ந்து போகிறது. முதல் தடவை கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் உடனே நம்பிவிடாதீர்கள். வேண்டிய சுருதியை மட்டும் விடும் ஃபில்டரை ஆம்ப்ளிஃபையரில் மிகவும் குறுகலாக அமைத்திருந்தால் ரிலே அடித்த அதிர்விலேயே அது மணி போல ஒலிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 34-ஆவது மடங்கு 1,700, 35-ஆவது மடங்கு 1,750. இரண்டுமே நாம் தேடும் இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. கரண்ட் போன நேரத்தில் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். பாட்டிலைக் காலி செய்துவிட்டும் கேளுங்கள். அப்போதும் ஒலி வந்தால் அது புரோட்டான் இல்லை. கெப்பாசிட்டரைக் கொஞ்சம் மாற்றுங்கள். சுருதியும் கூடவே நகர்ந்தால் அது உங்கள் சர்க்யூட்டின் ஒலி. ஒலி குறைந்து சுருதி அசையாமல் நின்றால், சரி, அது தண்ணீரிலிருந்து வருவதுதான்.

அளக்கும்போது சுற்றுகளை எண்ணாதீர்கள். ஒரு வினாடி எண்ணினால் ஒரு சுற்று பிசகினாலே 23 நானோடெஸ்லா போய்விடும். ஆயிரம் சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கடிகாரத்தால் அளங்கள். அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். நல்ல சிக்னல் இருந்தால் ஒரு நானோடெஸ்லா வரை நம்பலாம்.

அந்த ஒரு நானோடெஸ்லாவை வைத்துக்கொண்டு நம் தென் மாவட்டங்களில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பூமியின் புலம் தரைக்குச் சரியாகக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதன் மேலே, 100 கிலோமீட்டர் உயரத்துக்குச் சற்று மேல், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது இதுபோன்றவற்றை ஆராயத்தான். காலை ஆறு மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தரம் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். உச்சிவேளை நெருங்கும்போது புலம் ஏறிக்கொண்டே போவது தெரியும். 100 நானோடெஸ்லா ஏறினால் சுருதி நாலு ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் உயரும். சில நாட்களில் மின்னாறு திசை மாறி, புலம் இறங்கவும் செய்யும். அப்படி ஒரு நாள் அமைந்தால் இரவு வரைக்கும் அளப்பதை நிறுத்தாதீர்கள்.

நன்றி, வணக்கம்.