ஓ கிளேரி: பேரன் என்ற சொல் குடும்பப்பெயரான வழி

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்துப் பெயர்களின் முன்னால் நிற்கும் 'ஓ'வை ஆங்கில 'ஆஃப்' என்பதன் சுருக்கம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அது தவறு. பழைய ஐரிஷில் 'உவா' என்றால் பேரன். விரித்துச் சொன்னால் வழித்தோன்றல். அது தேய்ந்து 'ஓ' ஆயிற்று. 'மாக்' என்றால் மகன். நம் மொழியில் பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அவர்களிடமோ பேரன் என்ற சொல்லே பெயரில் பாதி! இப்படிக் குடும்பப்பெயர் நிலைப்பதற்கு முன்பு, நம் தலைப்பெழுத்தைப் போலத் தகப்பன் பெயர்தான் உடன் வரும். தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். பத்தாம் நூற்றாண்டை ஒட்டித்தான் ஒரே முன்னோரின் பெயர் நிலைத்து நிற்கத் தொடங்கியது.

ஓ கிளேரியை எடுத்துக்கொள்வோம். மூலப்பெயர் 'கிளேரக்'. 'ஓ' வந்ததும் அது ஆறாம் வேற்றுமை வடிவத்துக்கு மாறிக் 'கிளேரி' ஆகிறது. கிளேரக்கின் பேரன் என்று பொருள். கிளேரக் என்றால் திருச்சபை எழுத்தர். லத்தீன் 'கிளெரிகுஸ்'தான் வேர். ஆனால் இது தொழிற்பெயர் அல்ல, மேற்கு அயர்லாந்தில் கால்வே மாவட்டத்தின் தெற்கே ஐனே என்ற சிறு நாட்டை ஆண்ட குடியில் ஒரு முன்னோர் தாங்கியிருந்த பெயர். பெண்ணுக்கு 'ஓ' கிடையாது. மகளானால் 'நீ', மனைவியானால் 'பான் ஈ' வரும். இவற்றை அடுத்து வரும் ககரம், நம் ஆய்தம் போலத் தொண்டையில் உரசி ஒலிக்கும்.

ஐனேயின் தலைவர் டீகர்னாக் உவா கிளேரி இறந்தார் என்று 916ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. ஐரோப்பாவின் மிகப் பழைய குடும்பப்பெயர்களுள் ஒன்று என்று இதைக் காட்டிப் பெருமை பேசுவார்கள். அந்த ஓரிடத்தில் 'உவா' என்பது குடும்பப்பெயரா, நிஜமாகவே கிளேரக்கின் பேரன் என்று சொன்னதா என்பதை அந்த ஒரு வரியால் முடிவுகட்ட முடியாது. அதே சொல் அடுத்தடுத்த தலைமுறைகளிலும் மாறாமல் வந்தால்தான் அது குடும்பப்பெயர்.

13ஆம் நூற்றாண்டில் நார்மன் வழிவந்த பர்க் குடும்பத்தார் அழுத்த, இக்குடி ஐனேயை விட்டுச் சிதறியது. ஒரு கிளை வடமேற்கே டோனகாலுக்குப் போய், ஓ'டோனல் தலைவர்களின் பரம்பரை வரலாற்றாசிரியர்களாகி, கில்பாரனில் கடலோரக் கோட்டையில் வாழ்ந்தது. அக்கிளையில் வந்த பிரான்சிஸ்கன் துறவி மீஹால் ஓ கிளேரிதான் 'நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்புகள்' தொகுப்பின் தலைவர். 1632 ஜனவரி 22 முதல் 1636 ஆகஸ்ட் 10 வரை அந்த வேலை நடந்தது. முன்னே சொன்ன 916ஆம் ஆண்டு வரி இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. தம் குடியின் ஆதிப் பெயரை ஏட்டில் ஏற்றியவர் அக்குடியின் வாரிசே!

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஆங்கில ஆட்சியில் இப்பெயர் கிளியரி, கிளெரி என்று ஆனது. சில இடங்களில், குறிப்பாக வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில், பொருளையே மொழிபெயர்த்துக் கிளார்க் என்று எழுதிவிட்டார்கள். 1465ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, டப்ளின், மீத், லூத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயரோடு வாழும் ஐரிஷ்காரர்கள் ஊர்ப்பெயரையோ நிறத்தையோ தொழிலையோ குடும்பப்பெயராக ஏற்க வேண்டும் என்றது. கிளார்க் அதற்கு வசதியான பெயர். கூடவே இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறிய அசல் கிளார்க்குகளும் வந்து கலந்தார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யார் எவர் என்று சொல்லவே முடியாது. 1916 ஐரிஷ் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தாமஸ் கிளார்க்கை ஐரிஷில் தோமாஸ் ஓ கிளேரி என்றே எழுதுகிறார்கள். இது மொழி வழக்கம்; வம்சச் சான்று அல்ல.

சான்று வேண்டுமானால் ஊரைப் பிடியுங்கள். தெரிந்த தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 1901, 1911 குடிமதிப்பு ஏடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1911இல் முதியவர்களின் வயதை நம்பாதீர்கள். 70 வயதானோருக்கான ஓய்வூதியம் 1909இல் வந்ததும், பலருக்குப் பத்தாண்டில் பதினைந்து வயது கூடிவிட்டது! அதற்கும் முன்னே போக, 1864 முதல் எல்லாப் பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் குடிமதிப்பு ஏடுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1821 முதல் 1851 வரையானவை 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போயின. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அழித்தது. அந்த இடைவெளியை அடைக்கக் வரிக்காக எடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு இருக்கிறது, 1847 முதல் 1864 வரை. அதில் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர் பெயர் மட்டுமே வரும். மனைவி மக்கள் வரமாட்டார்கள். கத்தோலிக்கப் பங்குக் கோவில்களின் ஏடுகள் பல லத்தீனில் இருக்கும், அவற்றில் ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' ஆகியிருப்பார்.

தேடும்போது கிளியரி, கிளெரி, கிளார்க், 'ஓ' உள்ளது, 'ஓ' இல்லாதது என அத்தனை வடிவங்களையும் தேடுங்கள். 'ஓ'வோடு எழுதியது அகரவரிசையில் வேறு பக்கத்தில் கிடக்கும். அண்ணன் ஒரு வடிவத்திலும் தம்பி வேறொரு வடிவத்திலும் பதிவாகியிருப்பது சர்வசாதாரணம். வடிவம் வேறு என்பதற்காக அடுத்த வீட்டுப் பதிவைத் தள்ளிவிட்டால், வேண்டிய பாட்டன் அதில்தான் இருந்திருப்பார். கடைசியாக, கடையில் 'கிளியரி குடும்பச் சின்னம்' என்று கோப்பையில் அச்சிட்டு விற்பதை வாங்கி வைத்துக்கொள்ளலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சின்னம் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது, பெயருக்கு வழங்கப்பட்டதல்ல.