25ஆம் தேதி மதியச் சாப்பாடு

ஆயர் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்டுக்குக் கிளம்பத் தயாராகக் கடைசி வரிசையில் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்த அட்வெண்ட் கூட்டத்தில் மிஷனரிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வயதான மிஷனரிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அறுபது, எழுபது வயதில் சொந்த ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேறொரு நாட்டில் ஊழியம் செய்கிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் எப்படிக் கழிகிறது? அதில் ராயபுரத்துக்காரர்களான நமக்கு என்ன வேலை இருக்கிறது? இவ்வளவுதான் என் பேச்சு.

லாட்டி மூன் என்ற பெயரை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். 1873இல் சீனாவுக்குப் போனார். ஷாண்டோங் மாகாணத்தில் 39 ஆண்டுகள் ஊழியம் செய்தார். பிங்டு என்ற ஊரில் நீண்ட காலம் தன்னந்தனியாக இருந்தார். தன் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வராததால் பல வருஷம் விடுப்பில்கூட அவரால் ஊருக்குப் போக முடியவில்லை. 1887இல் தாய்நாட்டுச் சபைப் பெண்களுக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தை மிஷன் ஊழியத்துக்கான ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் ஒதுக்குங்கள் என்றார். மறு வருஷமே 3,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் மூன்று பெண்கள் சீனாவுக்குப் போனார்கள். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைகள் இன்றைக்கும் அவர் பெயரிலேயே அந்தக் கிறிஸ்துமஸ் காணிக்கையை எடுக்கின்றன.

கடைசியில், உடல் முழுவதும் நலிந்த பிறகு அவரை ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது உயிர் பிரிந்தது. தேதி 1912 டிசம்பர் 24. வயது 72.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் காணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அந்த அம்மா முக்கியமாகக் கேட்டது ஆள்துணை. பணம் அந்த ஆட்களை அனுப்புவதற்கான கப்பல் கூலி, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். இதோ, பக்கத்தில் வேப்பேரி. ஜெர்மனியிலிருந்து வந்த ஃபாப்ரீஷியஸ் ஐயர் 1742இல் சென்னைக்கு வந்தவர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, டச்சுக்காரர்களிடம் இருந்த பழவேற்காட்டுக்கு ஒதுங்கிப் போய், ஊர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார், அகராதி தொகுத்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். லுத்தரன் சபைகளில் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். அதே மனிதர் முதிய வயதில் பண விவகாரத்தில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1791 ஜனவரியில் தம் 80ஆவது வயதில் இந்த ஊரிலேயே கண்ணை மூடினார். அவருடைய பாட்டைப் பாடும் நாம், அவருடைய கடைசி டிசம்பர்களில் யார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

அப்புறம், நம் ரெய்னி ஆஸ்பத்திரி. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். அதற்கு வித்திட்ட டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் அம்மையார் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்தவர். 1888இல் ஒரு சிறிய மருந்தகமாகத் தொடங்கினார். 1920களின் கடைசி வரை, நடுவில் முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த காலம் போக, நம் ஊர்ப் பெண்களுக்கே உழைத்தார். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்தக் கால ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பெரிய பண்டிகையே இல்லை. அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனது 1958இல்தான். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர், பண்டிகை என்றால் தெருவே ஒன்றாகிவிடும் ராயபுரத்தில் இத்தனை டிசம்பர்களைக் கழித்தார். இங்கிருந்தும் அவருக்கு ஏதோ கிடைத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

சரி, இன்றைய நிலைக்கு வருகிறேன். இப்போது மேல்நாட்டுச் சபைகள் சிலவற்றில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் சொந்தச் செலவில் வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்புகிறார்கள். மார்மன் சபை என்று சொல்லப்படும் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் இது ஒரு முறையான ஏற்பாடாகவே இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை போய்வரலாம். இளைஞர்களைப் போல நாள் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கும் கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. கணக்கு பார்ப்பது, பாடம் சொல்லித் தருவது, நோயாளிகளைப் பார்ப்பது என்று வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வேலை கொடுக்கிறார்கள்.

அப்படி ஊழியத்துக்கு வந்து நம் பகுதியில் இப்போது தங்கியிருக்கும் ஐயாவும் அம்மாவும் கொலராடோ மாநிலத்துக்காரர்கள். வேறு சபைதான். ஆனாலும் நம் தெருப் பிள்ளைகள் அந்த அம்மாவை ‘ஆயா’ என்றே கூப்பிடுகிறார்கள். போன வருஷம் நாம் அவர்களை எப்படிக் கவனித்தோம்? கிறிஸ்துமஸ் விழா மேடையில் உட்கார வைத்தோம், பொன்னாடை போர்த்தினோம், போட்டோ எடுத்தோம். கேக்கும் அச்சு முறுக்கும் கல்கலும் டப்பா டப்பாவாக அவர்கள் வீட்டுக்குப் போயின. விடியற்காலை ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு, அவரவர் வீட்டுப் பிரியாணிக்கு ஓடினோம். 25ஆம் தேதி மதியம் அவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பிரெட்டும் முட்டையும் சாப்பிட்டார்கள்.

ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று விசாரித்தேன். யாருக்கும் மனமில்லாமல் இல்லை. “ஒண்டுக்குடித்தனம் ஐயா, டேபிள் சேர்கூடக் கிடையாது” என்றார் ஒருவர். “நம்ம காரம் அவங்களுக்கு ஆகாதே” என்றார் இன்னொருவர். நம் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் ஊரில் பனி கொட்டும் நேரத்தில், கொசுவும் மழையுமாக இருக்கும் இந்த ஊரைத் தேடி வந்தவர்கள் மேஜைக்காக வரவில்லை.

அன்றைக்கு மதியம்தான் அவர்களுக்குப் பாரமான நேரம். கொலராடோ நேரம் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாம் இலை போடும்போது அங்கே நடுநிசி, பேரப்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் காலை எட்டு மணி ஆகும்போது நமக்கு இரவு எட்டரை. அதுவரை போன்கூட வராது. துபாயில் பிள்ளை இருக்கும் தாய்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பண்டிகை நாளில் போனைப் பார்த்துக்கொண்டே உட்காருவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்தக் கடற்கரையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் துக்க நாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையோரக் குப்பங்களுக்கு அந்த நாள் மறக்காது. இத்தனை வருஷம் ஆகியும், 25ஆம் தேதி ராத்திரியே சில வீடுகளில் பேச்சு குறைந்துவிடும். அந்த வீடுகளுக்கு கிடாரோடு போகும் நம் இளைஞர்களுக்கு என்ன பேசுவதென்று தெரிவதில்லை. தெரியாதது தப்பில்லை, வயது அப்படி.

போன வருஷம் 26ஆம் தேதி அந்த அம்மாவைக் குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பாட்டி அங்கே இருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும், பாட்டிக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அம்மா தன் பர்சிலிருந்து தன் மகனுடைய படத்தை எடுத்துக் காட்டினார். அந்த மகனும் இறந்துபோனவர்தான், எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை விடவில்லை. நாங்கள் வாசலில் நின்றோம். ஆராதனை நடத்த ஆயர் இருக்கிறார், பாட்டுக்குக் கொயர் இருக்கிறது. அந்தப் பாயில் உட்காரும் வேலையை முதியவர்களால்தான் செய்ய முடியும். அதனால் அவர்களை விருந்தாளியாக ஓரமாக உட்கார வைக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள், வேலை கொடுங்கள். ரெய்னியிலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாத நோயாளிகள் இருக்கிறார்கள், அங்கேயும் அழைத்துப் போங்கள்.

கேரல் ரவுண்டு தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஐயா அம்மா வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். இரவு இரண்டு மணிக்கு டிரம் அடித்தால் பிரஷர் மாத்திரை போட்டுப் படுத்தவர்களுக்குத் தாங்காது.

25ஆம் தேதி மதியத்துக்கு அவர்களை அழைக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளர் அம்மாவிடம் பெயர் கொடுங்கள். தரையில் இலை போட்டாலும் போதும், ஐயாவுக்கு மட்டும் முழங்கால் வலி இருப்பதால் ஒரு ஸ்டூல் வையுங்கள். காரத்தைக் குறைக்க வேண்டாம் என்று அம்மாவே என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். இரவு எட்டு மணிக்கெல்லாம் அவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். எட்டரைக்குப் பேரப்பிள்ளைகள் கூப்பிடுவார்கள்.